புது ராக்கெட்டின் சத்தம்

ரேடியோ அந்தப் பேரைச் சொன்னதும், ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கமலாத்தாளின் கை அப்படியே நின்றுவிட்டது.

எருத்தேன்பதியில் ஞாயிறு மதியம் என்றால் எல்லா வீட்டிலும் ‘செவ்வாய்க் கப்பல்’தான். கோயமுத்தூரில் தயாராகி வாராவாரம் வரும் விஞ்ஞான நாடகம். அன்றைக்கு ஐந்தாம் ஆண்டு நிறைவு. கதையை நிறுத்திவிட்டு, நாடகத்துக்குப் பின்னால் இருப்பவர்களைப் பேசவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்து, சத்தங்களையெல்லாம் உண்டாக்கும் செ. மயிலாத்தாள்.”

செ. என்றால் சென்னிமலை. கமலாத்தாளுக்கு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவர்.

வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு மகள் போன அன்று அவர் ஒன்றுதான் சொன்னார். இனி இந்த வீட்டில் அவள் பேர் கேட்கக் கூடாது.

அதன் பிறகு கேட்டதில்லை. நாடகத்தை மட்டும் அவர் ஒரு வாரமும் விட்டதில்லை. கதைக்காகத்தான் என்று கமலாத்தாள் நினைத்திருந்தாள். அதில் மகள் வேலை செய்வது அவருக்குத் தெரியாது என்றும் நினைத்திருந்தாள்.

இப்போது தெரிந்துவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் ரேடியோ. அணைத்துவிடுவாரோ?

அவர் அணைக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

“செவ்வாயில் வீசும் புழுதிப் புயலை எப்படி உண்டாக்குகிறீர்கள்?” என்றார் அறிவிப்பாளர்.

“அது கடலைங்க. மொறத்துல போட்டுப் பொடைச்சா அந்தச் சத்தம் வருமுங்க. எங்கம்மா பொடைக்கறதக் கேட்டு வளந்தவளுங்க நானு.”

கமலாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“புது ராக்கெட்டின் சத்தம் பிரமாதம் என்கிறார்களே?”

மகள் சிரித்தாள். “அது எங்கய்யன் தோட்டத்து ஆயில் எஞ்சினுங்க. போன மாசம் டேப் ரிக்கார்டரத் தூக்கீட்டு நானே வந்து புடிச்சனுங்க. எங்கய்யன்தான்...”

சென்னிமலையின் எச்சில் கை பாய்ந்து ரேடியோவை அணைத்தது. குமிழில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டிக்கொண்டன.

பக்கத்து வீட்டு ரேடியோ மிச்சத்தைச் சொல்லிவிட்டது. “...நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டுனாருங்க.”

கமலாத்தாள் கணவரைப் பார்த்தாள். அவர் வட்டிலைப் பார்த்தார்.

“நீ சந்தைக்குப் போயிருந்த,” என்றார் கடைசியில். “கொளந்தையத் தூக்கீட்டு வந்து வரப்புல நிக்கறா. போன்னு எப்படிச் சொல்றது?”

“ஏதுங்க கொளந்தை?”

“பேத்தி,” என்றார். “உம்பட பேருதான் வெச்சிருக்கறா. உங்கிட்டச் சொல்லோணும்னு தெனமும் நெனைப்பேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?”

பழனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு கோயமுத்தூருக்குப் போய், குழந்தையின் காதில் அந்தப் பேரை முதன்முதலாகச் சொல்லிவிட்டு வந்தவளே கமலாத்தாள்தான். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை போய் வந்துவிட்டாள். மகள் ஐயனைப் பற்றி இவளிடம் மூச்சுவிடவில்லை. இவளைப் பற்றி ஐயனிடமும் விட்டிருக்கமாட்டாள்.

சென்னிமலை நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் பெரிய சேதி ஒன்றை முதல் ஆளாகச் சொல்லிவிட்ட பெருமையும் அந்த முகத்தில் இருந்தது.

அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க, ஆரு சாடைங்க?” என்று கேட்டாள்.