வானவில்லை மீட்ட மூப்பர்

சபை மூப்பர் டெல்மருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நோவாவுக்குக் கர்த்தர் காட்டிய வானவில்லைத் தன்பாலீர்ப்பாளர்கள் கொடியாக்கிக்கொண்டு, டென்னசியின் அந்தச் சிற்றூரில் ஆண்டுதோறும் ஊர்வலம் போகிறார்களே! இந்த ஆண்டோடு அது ஒழிய வேண்டும்.

"நம்ம வானவில்லை நாமதான் மீட்கணும்! அவங்க ஊர்வலத்தன்னைக்கு, அதே தெருவுல, எல்லாரும் வானவில் சட்டையோட வாங்க!" என்று ஆராதனையில் முழங்கினார்.

"அத்தனை சட்டையும் யாரு தைக்கிறதாம்?" என்றாள் மனைவி லோரீன்.

"நோவா பேழையையே கட்டினாரு. உனக்குச் சட்டை பாரமா?"

சனிக்கிழமை சபையே திரண்டது. தெருவெங்கும் ஏழு வண்ணம். டெல்மர் நெஞ்சை நிமிர்த்தி முன்னே நடந்தார்.

முடிவில், எதிரணி ஊர்வலத்தை நடத்தும் முடிதிருத்துநர் டிராவிஸ் ஓடிவந்து அவர் கைகளைப் பற்றிக்கொண்டான்.

"கோடி நன்றி ஐயா! இந்தத் தடவை அம்பது பேர் சேரலைன்னா இனிமே ஊர்வலமே கிடையாதுன்னு நகராட்சி சொல்லிடுச்சு. நாங்க மொத்தமே ஒன்பது பேரு!"

"யோவ், நாங்க உங்க ஆளுங்க இல்லய்யா!"

"நானும் சொல்லிப் பார்த்தேன். வானவில் போட்டவங்களை எண்ணத்தான் உத்தரவுன்னுட்டாரு அதிகாரி. அடுத்த வருஷம் பெரிய தெருவையே குடுத்துட்டாங்க!"



"ஏங்க," என்றாள் லோரீன், "அப்ப அடுத்த வருஷத்துக்கும் நானேதான் தைக்கணுமா?"