மழை பெய்யாத ஊர்

“அங்க மணல்மேடெல்லாம் நடக்கும் கண்ணு. விடியக்காலம் வாசல்ல நின்ன மேடு, பொழுது சாயுறப்ப ஊருக்குப் பின்னாடி போய் உட்கார்ந்திருக்கும்” என்றான் சோலைமலை.

கம்பளிக்குள் சுருண்டிருந்த மகள் மீனம்மா இருமலுக்கு நடுவே சிரித்தாள். இலங்கை மலைநாட்டில் றொசல்லப் பக்கம் மழை பிடித்து இருபது நாளாகிவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டின் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. உடுத்திய துணி காயாமல் ஏழு வயதுப் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அவளுக்காகத்தான் அவன் அந்தப் பாலைவனத்தை உண்டாக்கியிருந்தான்.

வாசலில் யாரோ குடையை மடக்கும் சத்தம் கேட்டது. பிரஜாவுரிமை விண்ணப்பங்களை விசாரிக்க வந்த யாழ்ப்பாணத்து அதிகாரி, தம்பிஐயா. அவன் மூன்று வருஷமாக எதிர்பார்த்திருந்த ஆள். சோலைமலை பதறி எழுந்து காகிதக் கட்டை நீட்டினான்.

தகப்பன் இதே தோட்டத்தில் பிறந்த பதிவு, தன் பதிவு, அரிசிக் கூப்பன் புத்தகம் எல்லாம் இருந்தன. அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“கடதாசி எல்லாம் சரி. ஒரு கேள்விதான் மிச்சம். மழை கொஞ்சம் விடட்டும். நீர் கதையைச் சொல்லும், பிள்ளை பாத்துக்கொண்டிருக்குது.”

சோலைமலைக்கு நெஞ்சு நிறைந்தது. அவன் சொல்வதைக் கேட்க இதுவரை எந்த அதிகாரியும் உட்கார்ந்ததில்லை.

“நடுவுல ஒரு உப்பு ஏரி. தண்ணி கெடையாது, கண்ணாடி மாதிரி மின்னும். அங்க ஒரு நரி இருக்கு. வாலை விரிச்சுக் குட்டிங்களை அந்த நிழல்லயே நடத்திக் கூட்டிட்டுப் போகும். ஆமைங்க முதுகுல தண்ணி சுமக்கும். தாகமா ஆளு வந்தா ஓட்டைச் சாய்ச்சுக் கொடுக்கும்.”

“ஆறு ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டார் அதிகாரி. அவர் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

“மணலுக்கு அடியில ஓடுதுங்க. காதை வச்சாக் கேக்கும்.”

வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்ல எழுதுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

“நல்ல விபரமாச் சொல்லுறீர். இது எந்த இடம்?”

அவன் வாய் திறப்பதற்குள் மீனம்மா எழுந்து உட்கார்ந்தாள். “எங்க ஊருங்க! எனக்கு நல்லானதும் அப்பா கூட்டிட்டுப் போறாரு. அப்புறம் இங்க வரவே மாட்டோம், அங்கயேதான் இருப்போம்.”

பத்து நாளாகத் தலை தூக்காத பிள்ளை! சோலைமலை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். அதிகாரியும் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு வரி எழுதினார்.

மழை சற்றுத் தணிந்தது. அவர் விண்ணப்பக் கோப்பினை மூடி எழுந்தார்.

“ஐயா, அந்த ஒரு கேள்வி?”

“இனித் தேவையில்லை. இந்த நாட்டில நிரந்தரமா இருக்கிற எண்ணம் உண்டோ எண்டதுதான் கேள்வி. இல்லையெண்டு எழுதிப்போட்டன்.”

குடை விரிந்தது. சோலைமலை வெறுங்காலோடு சேற்றில் இறங்கி அவர் பின்னால் ஓடினான். மீனம்மா கதவு வரை வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஐயா! அப்படி ஒரு ஊரே இல்லீங்க!”