இங்கே ‘க்’ வராது

பொன்னி எழுதிய கடிதத்தில் ஜோதிலிங்கம் முதலில் கண்டுபிடித்தது ஒரு ‘க்’.

“மணம் ‘செய்துக்கொள்ள’ இல்லம்மா. ‘செய்துகொள்ள’. இங்க க் வராது.” சிவப்புப் பேனாவால் அதை அடித்தார்.

பொன்னிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. (அதற்கு க் உண்டு.)

கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி ஒரு மனிதருக்குக் கடிதம் எழுதினால், அந்த மனிதர் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்க்கிறார்.

அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படிக்கிறவர்களுக்கு, மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தின் காலி வகுப்பறையில் ஞாயிறுதோறும் பாடம் சொல்கிறவர் ஜோதிலிங்கம். மற்ற நாட்களில் அமைச்சகத்தில் குமாஸ்தா. வயது முப்பத்தொன்று. தனி ஆள். ஆறு பேரோடு ஆரம்பித்த வகுப்பு டெல்லிக் குளிரில் இரண்டு பேராகச் சுருங்கிவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டரான பொன்னி ஒருத்தி. அவளுடைய ஹாஸ்டல் அறையில் இருக்கும் டைப்பிஸ்ட் செல்வி இன்னொருத்தி.

செல்விக்கு வாத்தியாரைப் பிடித்திருந்தது. வாயைத் திறந்து சொல்லமாட்டாள்.

வாத்தியாருக்குச் செல்வியைப் பிடித்திருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. இலக்கணத்தைத் தவிர அவருக்கு வேறு எதுவும் பிடிக்குமா என்பதே தெரியவில்லை.

வியாழக்கிழமை செல்வி ஊருக்குப் போகிறாள். பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்குத் திருச்சியில் வேலை. போனால் திரும்பி வரமாட்டாள்.

ஊருக்கெல்லாம் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற பொன்னிக்கு இந்த ஒரு லைன் மட்டும் கிடைக்கவில்லை.

மூன்று வாரமாக அவர் நடத்துவது ‘வரைவு கடாதல்’. பழந்தமிழில் வரைவு என்றால் கல்யாணம். “இவளைச் சீக்கிரம் கட்டிக்கொள்” என்று தலைவனிடம் தோழி கேட்க வேண்டும். ஆனால் அப்படிக் கேட்கக் கூடாது. நீ வருகிற வழியில் புலி இருக்கிறது என்பாள். ஆற்றில் முதலை என்பாள். ஊர் வாய் சும்மா இல்லை என்பாள். எதற்கும் அசையாதவனுக்கு, அவளை வீட்டில் பூட்டி வைக்கப்போகிறார்கள் என்பாள். புலிக்குப் பயப்படாதவன் பூட்டுக்குப் பயப்படுவான், அதனால் பூட்டு கடைசியில்தான் வர வேண்டும் என்று, கடிகாரத்தைக் கழற்றிக் காட்டுகிறவர் மாதிரி ஒவ்வொரு பல்சக்கரமாக எடுத்து வைத்தார் ஜோதிலிங்கம்.

போன வார வீட்டுப்பாடமும் அதுதான். தோழி இந்தக் காலத்தில் இருந்தால் தலைவனுக்கு எப்படிக் கடிதம் எழுதுவாள்? படிக்கிறவன் மனம் மாற வேண்டும்.

பொன்னி விடுவாளா? புலி இருந்த இடத்தில் டி.டி.சி. பஸ்ஸைப் போட்டாள். முதலைக்கு ஹாஸ்டல் வார்டன். பூட்டுக்குப் பதிலாக வியாழக்கிழமை ரயிலும் திருச்சி மாப்பிள்ளையும். இதற்கு மேல் பச்சையாக எழுதினால் செல்வியின் பெயரையே எழுத வேண்டியதுதான்.

ஜோதிலிங்கம் கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார்.

“ரயில்னா எந்த ரயில், எத்தனை மணிக்கு? விவரம் இல்லாத கடிதம் யாரை அசைக்கும்?”

“ஜி.டி. எக்ஸ்பிரஸ், சார். சாயங்காலம்.” பொன்னி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஓரத்தில் எழுதிக்கொண்டார். “பொண்ணோட அப்பா பேர், விலாசம்?”

“அவர் எதுக்கு சார்?”

“தலைவன் மனசு மாறினா அடுத்த கடிதம் அவருக்குத்தானே போகணும்? ஒரு கடிதம் எழுதறப்பவே அடுத்ததுக்கு வழி பண்ணி வைக்கணும்.”

பொன்னி சொன்னாள், பின்கோடு வரைக்கும். செல்வி நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வரைவு நல்லா வந்திருக்கு” என்றார். எந்த வரைவைச் சொல்கிறார்? டிராஃப்டுக்கும் தமிழில் அதே சொல்தானே. கேட்பதற்குள் பத்துக்கு ஏழு போட்டார். மாதிரி விடை எழுதிக் காட்டுவதாகச் சொல்லி, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் பொன்னி வெடித்தாள்.

“கல்லுடி அந்த ஆளு! பொண்ணு ரயில் ஏறப் போறான்னு எழுதினா, ரயில் பேர் கேக்கறார். மூணு மார்க்கை வேற முழுங்கிட்டார். பரீட்சைல மட்டும் இந்தக் கேள்வி வரட்டும், நான் தொடவே மாட்டேன்.”

“கேக்க மாட்டாங்க” என்றாள் செல்வி.

“உனக்கெப்படித் தெரியும்?”

செல்வி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வரைவு கடாதல் நம்ம சிலபஸ்லயே இல்லடி. முதல் வாரமே பார்த்துட்டேன்.”