பூட்டு சார்

"கணக்குக்காரர் கைரேகை வச்சாத்தாம்மா அவர் பென்ஷன் கணக்கை மூட முடியும். அதை மூடினாத்தான் உங்களுக்குக் குடும்ப பென்ஷன்," என்றார் கருவூல குமாஸ்தா.

"அவர் போய் மூணு மாசம் ஆச்சே. இறப்புச் சான்றிதழ் குடுத்திருக்கேனே."

"எனக்குப் புரியுது. கம்ப்யூட்டருக்குப் புரியணுமே! முன்னாடின்னா ஒரு கையெழுத்துல நானே முடிச்சிருப்பேன். இப்ப எல்லா ஆபீஸ் கணக்கும் தலைமையகத்துல ஒரே சர்வர்ல இருக்கு. இங்கேருந்து ஒரு புள்ளிகூட மாத்த முடியாது."

"உங்க ஆபீசர்?"

"அவராலயும் முடியாது. எவனும் தப்புப் பண்ண வழியே இருக்கக் கூடாதுன்னு ஒரு புண்ணியவான் இப்படிக் கட்டி வச்சிட்டுப் போயிட்டார். பூட்டு சார்னுதான் எங்களுக்குத் தெரியும். பூட்டுக்கு மேல பூட்டு. மனுஷன் சாவான்கிறதை மட்டும் மறந்துட்டார்."

அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இதைத் திறக்கற வழி அவருக்கு மட்டும்தான் தெரியுமாம். உங்களை மாதிரி பதினாலு பேர் அலையறாங்க. தினமும் போன் பண்றேன், எடுக்கறதில்லை. ரிட்டயர் ஆகி சொகுசா இருக்கார் போல."

மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து மறுபடி அந்த எண்ணை அழுத்தினார்.

அவள் மடியிலிருந்த பைக்குள் போன் அடித்தது. எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த நம்பரைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்சு படபடங்கும். அதான் அவர் போனப்புறமும் நான் எடுக்கலை," என்றாள். "வழியை இதுலதான் எழுதி வச்சிருப்பார். ஆனா இதுவும் அவர் கைரேகையைத்தான் கேக்குது."