நாலு மொட்டை டயர்

“மினுங்கிற றிம் வேண்டாம் நானா. பாரம் குறைஞ்சதாப் பாத்துக் காட்டுங்கோ.”

சொன்னது சிந்துஜன் இல்லை. அவன் மனைவி நிரோஜினி. கார் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், துறைமுக வீதியிலுள்ள ஜவ்பரின் டயர் கடையில் நின்று ஒவ்வொரு றிம்மாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிந்துஜனுக்குத் தன் கண்களையே நம்ப முடியவில்லை.

அடுத்த மாதம் றேஸ் திடலில் அவனுக்கு முதல் ஓட்டம். அதற்கான பயிற்சியை அவன் ஊர் ரோட்டிலேயே எடுத்துக்கொண்டிருந்ததுதான் வீட்டில் பிரச்சினை. கோட்டைப் பக்கமிருந்து குறுக்கே வந்த மானுக்காக ஒருநாள் ஸ்டியரிங்கை வெட்டி ஒடித்ததில், கார் சுழன்று போய் மதிலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பக்கத்தில் இருந்த நிரோஜினி கத்தவில்லை. இறங்கி, லிங்கநகர் வீட்டுக்கு நடந்தே போனாள். இனி மெதுவாக ஓடுவேன் என்று அவன் சத்தியம் பண்ணினான். அந்தச் சத்தியம் அடுத்த வெள்ளிக்கிழமையே காற்றில் போனது.

“இஞ்ச பாருங்கோ தம்பி,” என்றார் ஜவ்பர். “பதினெட்டு இஞ்சி றிம் பாக்க வடிவுதான். ஆனா பாரம், மட்காட்டிலயும் உரசும். உங்கட காருக்குப் பதினைஞ்சு காணும்.”

“டயர்?”

“ரெண்டு விதம் இருக்கு. ஒண்டில றேஸும் ஓடலாம், ரோட்டிலயும் ஓடலாம். மற்றது இது.” பள்ளமே வெட்டாத மொட்டை டயர் ஒன்றை உருட்டி வந்தார். “சூடேறினா றேஸ் திடலில அப்பிடியே ஒட்டிப் பிடிக்கும். ரோட்டுக்கு ஆகாது. மழைத்தண்ணியில வழுக்கும், பொலிஸும் மறிக்கும்.”

“அப்ப முதல் சொன்னதே நல்லது. ரெண்டுக்கும் உதவும்,” என்றான் சிந்துஜன்.

“ரெண்டுக்கும் எண்டு வாங்கினா ரெண்டிலயும் அரைகுறைதான்,” என்றாள் நிரோஜினி. “றேஸுக்கு எண்டா அதுக்குரியதையே போட வேணும். இதையே பூட்டுங்கோ நானா.”

இவளையா இத்தனை நாளும் பதற வைத்தோம் என்று சிந்துஜனுக்கு வெட்கமாக இருந்தது.

“நிரோ, என்னில கோவமில்லையா?”

“பயம்தான். நீங்கள் வேகமா ஓடுறதில இல்லை, ரோட்டில ஓடுறதில. றேஸ் திடலிலயெண்டா தலைக்கவசம் இருக்கு, அம்புலன்ஸ் நிக்கும். குறுக்க மானும் வராது, பள்ளிக்கூடப் பிள்ளையளும் வராது.”

“இனி ரோட்டில மெதுவாத்தான் ஓடுவன்.” இந்த முறை மனதாரத்தான் சொன்னான்.

“ஓம், எனக்குத் தெரியும்,” என்றாள் அவள்.

கார் ஜாக்கியில் மேலே ஏறியது. பழைய சக்கரங்கள் கழன்றன, புதியவை பூட்டப்பட்டன. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தார்கள், எங்கும் உரசவில்லை. காரை ஏற்றிப் போக லொறிக்குக்கூட அவளே சொல்லி வைத்திருந்தாள். ஊரில் எவனுக்கு இப்படி ஒரு மனைவி வாய்த்திருக்கிறாள் என்று அவன் பூரித்துப் போனான்.

“நானா, என்ட பழைய சக்கரம் நாலையும் லொறியில ஏத்திவிடுங்கோ. வீட்ட போய் மாத்திப் பூட்ட வேணும்,” என்றான்.

ஜவ்பர் நிரோஜினியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“அதைத்தானே தம்பி, தங்கச்சி நேற்றே கதைச்சு எனக்கு வித்திட்டா.”

“வித்தாச்சா? அப்ப நாளைக்கு நான் ரோட்டில எப்பிடி ஓடுறது?”

நிரோஜினி லொறியின் முன் ஆசனத்தில் ஏறி, அவனுக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏலாது,” என்றாள்.