துரை வரும் காட்சி

"மதினி, துரை இன்னும் வரலியே?" கொட்டகை இருட்டில் கேட்டாள் வெள்ளத்தாய்.

"இப்பதானட்டி பேரு போட்டு முடிச்சான். செத்த பொறு," என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய்.

துரை, வெள்ளத்தாயின் புருஷன் தங்கச்சாமி வளர்த்த ராஜபாளையம் நாய். பால் வெள்ளை, அதனால்தான் துரை. அவர் தரையில் இரண்டு மிதி மிதித்தால் போதும், படுத்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்து வலது முன்னங்காலைத் தூக்கும்.

மில்லிலிருந்து வந்து படுத்த தங்கச்சாமி ஒருநாள் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு துரையும் சோற்றைத் தொடவில்லை. அந்தச் சமயத்தில்தான் பிளவக்கல் அணைப் பக்கம் பூதப் படம் எடுக்க வந்தவர்கள், "தினம் கறி போட்டுப் பாத்துக்கிடுதோம்மா. படத்துலயும் வரும்," என்று கேட்டார்கள். எங்கேயாவது தின்றால் சரி என்று அனுப்பிவைத்தாள். கொஞ்ச நாளில், "கயித்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சு," என்று தகவல் வந்தது. அணையைச் சுற்றிய காடெல்லாம் தேடினாள். இல்லை.

எண்பத்தாறு பொங்கலுக்குப் படம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. துரையின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டாள்.

திரையில் பூதம் வந்தது. கரிய உடம்பு, முதுகு நெடுக முள், நெற்றியில் கொம்பு. நான்கு கால்களில் நடந்து, தன் முழங்கால் உயரம்கூட இல்லாத வீடுகளை மிதித்துத் தள்ளியது. பின்னால் சரவெடி வெடித்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏலே, பூதத்துக்குக் காது அவுட்டுடோய்!" பெஞ்சிலிருந்து ஒருவன் கத்த, கொட்டகையே சிரித்தது.

இடைவேளையும் முடிந்தது.

"வெள்ளையா ஒரு ஆடு வந்துச்சு, ஒரு காரு வந்துச்சு. நாயையே காணமே மதினி! வேற படத்துக்கு வந்துட்டமா?"

"போஸ்டரப் பாத்துத்தான வந்தோம்? கதையில துரைய இந்தப் பூதம் தின்னுருக்கும். அதக் காட்டாம விட்டுட்டான் போல."

வெள்ளத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பூதத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைசியில் ஊர்க்காரர்கள் பூதத்தைச் சுற்றித் தீ வைத்தார்கள்.

"வையிங்கடா! அந்தச் சனியன நல்லா வச்சுப் பொசுக்குங்க!" வெள்ளத்தாயும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள்.

தீ முள்ளில் பற்றியது. பூதம் சுற்றிச் சுற்றி ஓடியது. பக்கத்தில் இரண்டு வீடுகள் தரை அதிர அடுத்தடுத்து விழுந்தன. தொம், தொம்.

பூதம் சட்டென்று நின்றது. நெருப்புக்கு நடுவே உட்கார்ந்து, வலது முன்னங்காலைத் தூக்கியது.

"கை குடுக்குது பாருலே!" கொட்டகை மறுபடி சிரித்தது.

பிறவியிலேயே காது கேளாத நாய்க்குத் தங்கச்சாமி சொல்லிக்கொடுத்த ஒரே பாஷை அது. தட்டிய கைகள் அந்தரத்தில் நிற்க, "மதினி, துரை வந்துருச்சு," என்றாள் வெள்ளத்தாய்.