கடைசிக் கோழியின் கேள்வி

புள்ளிக்கோழி சமூகவியலில் முதுகலை படித்துவிட்டுப் பண்ணைக்குத் திரும்பியது.

"இவ்வளவு படிச்சியே, இனி முட்டை பெருசா போடுவியா?" என்று மற்றக் கோழிகள் சிரித்தன.

தீனி வைத்ததும் வழக்கம்போல் எல்லாக் கோழிகளும் மொட்டைக்கழுத்துக் கோழியைக் கொத்தி விரட்டின. மிச்சம் மீதிதான் அதற்கு.

"இவ மட்டும் ஏன் எப்பவும் கடைசி?" என்று புள்ளிக்கோழி கேட்டது.

"அது அப்படித்தான்," என்றது சேவல்.

"அப்படித்தான்னு யார் வச்சது?"

சேவல் கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு நகர்ந்துவிட்டது.

மறுநாள் புள்ளிக்கோழி, "வா, நான் பக்கத்துல நிக்கிறேன்," என்று மொட்டைக்கழுத்தைத் தீனிக்கு முன்னால் கூட்டிவந்தது. உடனே ஒரு பெட்டை கொத்துவதற்கு அலகை ஓங்கியது.

மொட்டைக்கழுத்து ஓடவில்லை.

"ஏன் கொத்துற?" என்று அதுவே கேட்டது.

ஓங்கிய அலகு சற்று நின்றது. பிறகு மெல்லத் தீனியில் இறங்கியது.